சட்டத்துக்குள்

மாதம் ஆறாயிரம்.
ஐந்தாம் தேதிக்குள் கணக்கில் ஏறிவிடும்.
வாடகைக்கு விட்டிருப்பது வீடில்லை, ஸ்கூட்டர் இல்லை,
அ. ஜெசிந்தா என்கிற பெயர்.

தண்டையார்பேட்டையில்
ஒரு மருந்துக்கடைச் சுவரில்
எனக்கு இன்னும் இருபத்துமூன்று வயது.
கவுன்சில் முத்திரை பாதி நெற்றியில் விழுந்த
அந்தப் போட்டோவுக்கும் தினம்
ஊதுபத்தி காட்டுகிறார்கள் என்று
போனில் சிரித்தார் முதலாளி துரைப்பாண்டி.
பக்கத்து ஆணியில் லட்சுமி படமாம்.
புகைக்கு ஆள் தெரியாதாம்.

போன தடவை ஆய்வுக்கு ஆபீசர் வந்தபோது
நான் டிபன் சாப்பிடப் போயிருந்தேன்.
அதற்கு முந்தைய தடவையும்.
நாலு வருஷமாக அதே டிபன்.

உண்மையில் பெருங்குடியில், ஏழாவது மாடியில்
அமெரிக்காக்காரர்களின் நோய்களுக்கு
எண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்து
ஒன்பது வருஷம்.

பதிவைப் புதுப்பிக்கிற வருஷம் இது.
விண்ணப்பத்தில் எல்லாம் எழுதியாயிற்று,
பதிவு எண், ரத்த வகை,
பயிற்சி வகுப்புக்குப் போன சான்று.
பாதி வகுப்பு தூங்கினேன்,
அதை எழுதக் கட்டம் இல்லை.
'தற்போது பணிபுரியும் இடம்'
என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கடையின் கதவு எண் எனக்குத் தெரியாது.

அதைக் குறித்துக்கொள்ளத்தான் போனேன்.
வேறெதற்கும் இல்லை.

துரைப்பாண்டி கல்லாவில் இல்லை.
லோகு, லோகு என்று ஆளாளுக்குக் கூப்பிட
ஒரு பையன் பார்க்காமலே பெட்டிகளை உருவுகிறான்.
"தூக்க மாத்திரை ஒரு அட்டை" என்றேன், சும்மா.
"சீட்டுக்கா?"
"இல்லப்பா."
திரும்பாமலே கட்டைவிரலால்
பின்சுவரைக் காட்டினான்.
"மேடம் திட்டுவாங்க. ரொம்பக் கறாரு."

கண்ணாடிக்குள்ளிருந்து
கறாராகத்தான் பார்த்தாள் அவள்.
எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்து நின்ற ஆளுக்கு
சிவப்புக் கோடு போட்ட அட்டையில் நாலு மாத்திரை,
சீட்டில்லாமலே, கச்சக் கச்சக்கென்று.
அதற்கு மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டைப் பிரித்து ஏதோ ஒரு டாக்டர் பெயர் எழுதி
கடைசியில் என் கையெழுத்தைப் போட்டான்.
ஜெ-வின் கொம்பை
இவ்வளவு அழகாக நான் சுழித்ததே இல்லை.

பிறகு அந்தப் பெண்.
தோளில் கொதிக்கிற குழந்தை,
கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
எட்டிப் பார்த்தேன்.
நூற்றிருபத்தைந்து, ஐந்து மில்லி, மூன்று வேளை.
லோகு எடுத்து வைத்தது இருநூற்றைம்பது.
"அது ஸ்டாக் இல்லக்கா, இதுவும் அதே ஜுர மருந்துதான்.
ஒரு மூடி குடு."

"அதே இல்லை" என்றது ஒரு குரல்.
"இதில் ரெண்டரை மில்லிதான்."

வண்டிச் சத்தம் இருந்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை.
"நீங்க இன்னா டாக்டரா?" என்றான் லோகு.
தொண்டை வரை வந்தது பதிவு எண்.
அதைச் சொன்னால்
நாலு வருஷத்து டிபனையும் சொல்ல வேண்டும்.

அவன் பாட்டிலைப் பார்த்தான்,
சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
கடைசியாகத் தலையைத் திருப்பி
சுவரைப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்போ எவ்ளோ குடுக்கணும்?"
அந்தப் பெண்ணுக்கு என் முகம் பற்றிக் கவலையில்லை.
மூடியை வாங்கி
கட்டத்தில் நின்றுபோன அதே பேனாவால்
ரெண்டரைக்கு நேராக ஒரு கோடு போட்டேன்.
"இதுக்கு மேல ஊத்தாதீங்க.
ஆறு மணி நேரத்துக்குள்ள மறுபடி வேணாம்."
கோடு காய்கிறவரை ஊதினாள்.

மெட்ரோவில் வரும்போதுதான் நினைவு வந்தது,
கதவு எண்ணைப் பார்க்கவே இல்லை.
பில்லில் இருந்திருக்கும்.
எதுவும் வாங்காதவளுக்கு
யார் பில் போடுவார்கள்.