சில்லறை

வெள்ளை மாதம் முடியும்வரை
கடுஞ்சொல் பேசமாட்டேன் என்று
தத்சன் மடாலயத்தில் நெய்விளக்குக்கு முன்
சொல்லிவிட்டு வந்தேன்.
திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தெரிந்துவிட்டது
மாதம் எவ்வளவு நீளம் என்று.
அதை ஒரு வாரமாக்கினேன். பிறகு ஒரு நாள்.
இப்போது, ஒரு நிறுத்தத்திலிருந்து
அடுத்த நிறுத்தம்வரை.

உலான் உதேயில் மூச்சைக் கவனிப்பது சுலபம்.
மைனஸ் முப்பத்தொன்றில்
டிராமின் கதவு திறந்ததும்
அது கண்ணுக்கே தெரியும்.
உள்ளே. வெளியே.
டிக்கெட். டிக்கெட்.

ரயில் பட்டறை நிறுத்தத்தில் ஏறினான்
நரித்தோல் தொப்பிக்காரன்.
ஐயாயிரம் ரூபிள் நோட்டை நீட்டினான்.
சில்லறை இல்லை என்றேன்.
"பிறகு எதற்கு அந்தப் பை?"
மூச்சு உள்ளே.
"வாயைத் திறந்து பேசு, மாடு."
மூச்சு வெளியே.
என் வெண்புகையும் அவனுடையதும்
நடுவில் முட்டிக் கலந்து
எது யாருடைய கோபம் என்று பிரிக்க முடியாமல்
ஒரு கணம் தொங்கின.
அழகாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
அவன் அம்மாவையும் சேர்த்துச் சொன்னேன்.
பின்னிருக்கைப் பள்ளிப் பையன்கள் கைதட்டினார்கள்.
அவன் நோட்டை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான்,
அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
வந்த வழியே பனியில் நடந்துபோனான்.
கையுறைக்குள்
இருபத்தேழு மணிகளும் உறுத்தின.

இரவு டிப்போவில் கணக்கு ஒப்படைத்தேன்.
பதினோரு ரூபிள் குறைந்தது.
என் காசைப் போட்டேன்.
சரியாகிவிட்டது என்று
முத்திரை குத்தினாள் புத்திட்மா.
குறைந்ததை இப்படிப் போட்டு நிரப்பலாம்.
கூடுதலாகக் கொடுத்துவிட்டதை
எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

மறுநாள் ஆறே முக்கால். மைனஸ் முப்பத்துநாலு.
பட்டறை நிறுத்தம். அதே தொப்பி.
ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை விரித்தான்.
சரியான காசு, எண்ணி எடுத்து வந்தது,
முஷ்டிக்குள் இருந்ததால்
இன்னும் சூடாக.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வந்ததோ,
"வாசலை மறிக்காமல் உள்ளே போ."
மெதுவாகத்தான் சொன்னேன்.
அவனும் போனான்.

அடுத்த நிறுத்தம்வரை
அதைக் கடுஞ்சொல்லில் சேர்ப்பதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டே
பதினேழு பேருக்கு
டிக்கெட் கிழித்தேன்.