தட்டுக் கழிவு

கருங்கல் அண்டியாபீசில் முதல் வாரம்
வேறெதுவும் செய்யவில்லை,
காலடிகளை எண்ணினேன்.
தொலி உரிக்கிற மேசையிலிருந்து எடை அறைக்கு
நூற்றுப் பதினெட்டு.
பருப்போடு போய் வெறுந்தட்டோடு திரும்ப
ஒருத்திக்கு நாளைக்கு ஆறு நடை.
அறுபத்து நான்கு பேர்.
ராத்திரி லாட்ஜில் பெருக்கிப் பார்த்தேன்:
எல்லாருமாய்ச் சேர்ந்து தினமும்
கன்னியாகுமரிக்கு நடந்து போய்
கடலைப் பார்க்காமல் திரும்பி
சுசீந்திரத்தில் மூச்சு வாங்குகிறார்கள்.

பலகையில் 'கழிவு' என்று எழுதினேன். ஏழு வகை.
காத்திருத்தல், சுமத்தல், வீண் நடை…
முன்வரிசையில் ரெத்தினபாய்,
தல்லுப் பிரிவில் இருந்த காலத்துக் கறை
இன்னும் விரலில்.
"தட்டுக்கு ஒரு கழிவு உண்டு சாரே,
அது இதில எத்தனாவது?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அது வேறு கழிவு என்றேன்.

சனிக்கிழமை தராசை நகர்த்தினோம்.
மேசையின் தலைமாட்டில், நாலு போல்ட்,
சுற்றிலும் மஞ்சள் நாடா.
நூற்றுப் பதினெட்டு ஒன்பதாயிற்று.
சன்னலுக்கு உள்ளே
கணக்கரை மட்டும் பார்த்திருந்த அதன் முகம்
வெளியே வந்தது.

விஜிலா வெறுந்தட்டைச் சும்மா வைத்துப் பார்த்தாள்.
முள் ஆடி நின்றது: இருநூற்றைம்பது.
புத்தகத்தில் தட்டுக் கழிவு நானூறு.

உரிக்கிற கைகள் நின்றுபோனால்
அந்த ஷெட்டில்
கூரைத் தகரத்தில் காக்கை நடப்பது கேட்கும்.

ஏன் நானூறு?
மேனேஜர் சோபிதராஜ்: முன்ன இரும்புத் தட்டு.
இரும்பு போயி பதினோரு வருசம், பின்ன ஏன் மாத்தல்ல?
யாரும் கேக்கல்ல.
ஏன் கேக்கல்ல?
எடை அந்த அறைக்குள்ளயில்லா நடந்துது.
ஏன் அந்த அறைக்குள்ள?
அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

'ஏன் என்று ஐந்து தடவை கேளுங்கள்,
அடிவேர் தெரியும்.'
செவ்வாய்க்கிழமை நான் சொல்லிக்கொடுத்தது.
நாலு முடிந்திருந்தது. விஜிலா என்னைப் பார்த்தாள்.
குனிந்து
நாடாவின் மூலையை அழுத்தி ஒட்டினேன்,
அது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

ராத்திரி மறுபடி பெருக்கல்.
தட்டுக்கு நூற்றைம்பது கிராம்,
நாளைக்கு ஐம்பத்தேழு கிலோ சொச்சம்.
ஆறு பெண்கள் காலையில் வந்து
சாயங்காலம்வரை உரித்துவிட்டு
பேர்கூட எழுதாமல் போயிருக்கிறார்கள்,
தினமும்.
அறிக்கையில் 'நடை மிச்சம்' என்ற கட்டத்துக்குள்
நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை.

திங்கட்கிழமை முதலாளியின் ஆள் வந்தார்.
"தரை சமமில்ல. பழைய இடத்துக்கே போட்டு."
போல்ட் கழற்ற ஸ்பேனர் தேடினார்கள்.
சுவரில் ஸ்பேனருக்கென்று நான் வரைந்த
ஸ்பேனர் வடிவம் மட்டும் இருந்தது.

அறுபத்து நான்கு தட்டின் விளிம்பிலும்
வெள்ளைச் சீட்டு, விஜிலாவின் கையெழுத்து: 250.
"எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டணும்னு
நீங்கதான சொன்னிய."

சீட்டுக் கட்டு நான் மார்த்தாண்டத்தில் வாங்கியது.
பில் இன்னும் பாஸாகவில்லை.