இரண்டாவது தோட்டா

அறுநூறு டாலர்.
கம்பளி விற்ற காசு. இதற்குமேல் ஒரு செண்ட் கிடையாது;
பல் வைத்தியத்துக்கு ஒதுக்கியதைத் தொடமாட்டேன்.
லோஃப்கிரென் கடையில் கண்ணாடிக்குக் கீழே
இருபத்தேழு கைத்துப்பாக்கிகள்,
ஐஸ் மேல் கிடத்திய மீன்கள் போல
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.

எதற்கு என்றான் டுவெய்ன்.
வேலைக்கு என்றேன்.
நம்பகமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.
அவன் தலையை மெல்ல ஆட்டினான்.
"மலையடியில் தனியாக இருக்கிறாய். ஷெரீஃப் வந்து சேர ஐம்பது நிமிடம்.
நல்ல முடிவு, மைத்தே."
நான் மறுக்கவில்லை.

முதலில் எடுத்துவைத்தது ஆயிரத்து நூறு.
வால்நட் கைப்பிடி, உடம்பெல்லாம் மினுமினுப்பு,
சாய்வு நாற்காலியில் உட்காரவைத்த மாப்பிள்ளை.
உள்ளே வை, டுவெய்ன். இது சேறு மிதிக்காது.

அடுத்தது இருநூற்று எண்பது.
காலி என்று அவன் திறந்து காட்டினான்,
நானும் விரல் விட்டுப் பார்த்தேன்.
மூடிக் குலுக்கினேன். உள்ளே ஏதோ முணுமுணுத்தது.
முணுமுணுக்கும் சாமான் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.
அதில் பால் வைக்கிறேன்.

நடுவிலையில் மூன்று.
ஒன்று செக் நாட்டுச் சரக்கு, ஒன்று ஆஸ்திரியா,
மூன்றாவது எங்கிருந்து என்று பொடி எழுத்தில் இருந்தது,
நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை.

கிடா வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பேன்,
காலைத் தூக்கிக் குளம்பை அழுத்துவேன்,
விற்பவன் வாயை மட்டும் பார்க்கவே மாட்டேன்.
அப்படியே பார்த்தேன்.
பனிக்காலத்தில் என் வலது கட்டைவிரல்
துருப்பிடித்த கீல்.
கோட்டுப் பையிலிருந்து வேலைக் கையுறையை எடுத்து மாட்டி
மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தேன்.
முதலாவது பாதியில் நின்றது. தப்பு அதனுடையதல்ல.
இரண்டாவது வந்தது, ஆனால் பிடி
என்னைவிடப் பெரிய யாருக்கோ அளவெடுத்தது.
மூன்றாவது
வந்தது, போனது, மறுபடி வந்தது.
விசையில் கல் எதுவும் தட்டுப்படவில்லை.
"மேகசின் இன்னொன்று வேண்டுமென்றால்?"
கிடைக்கும்.
"ஸ்பிரிங் போனால்?"
கிடைக்கும்.
"ஐந்நூற்று நாற்பது என்று எழுதியிருக்கிறாய்."
அவன் பெருமூச்சு விட்டு
ஐந்நூற்றுப் பத்து என்றான்.
மிச்சத்துக்கு வரி போக
மூன்று பெட்டித் தோட்டா.

படிவத்தை நிரப்பினேன். டுவெய்ன் தொலைபேசியில் காத்திருந்தான்.
காத்திருக்கும்போதே ஒரு அட்டையைத் தள்ளினான்:
பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி, சனிக்கிழமை, காபி இலவசம்.
நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி அவன் அங்கே இல்லை.
ஓடைக்கு அப்பால் இருநூற்றுப் பதினான்கு
வேலிக்கம்பியில் சிக்கிக் கிடந்தாள்.
கொயோட்டிகள் பின்பக்கத்திலிருந்து தொடங்கி
பாதியில் விட்டுப் போயிருந்தன.
என்னிடம் இருந்தது ஏலத்தில் நூற்றைம்பதுக்கு எடுத்தது.
காற்று, குளிர், என் கை,
முதல் குண்டு சரியாகப் போகவில்லை.
இரண்டாவது வரவில்லை.
தோட்டா குறுக்கே எழுந்து நின்றது,
தொண்டையில் மாட்டிய எலும்பு.
கையுறையைப் பல்லால் கழற்றி, தட்டி, நெம்பி,
விரல் மரத்து, மறுபடி தட்டி,
நான்கு நிமிடம் இருக்கும்.
அவள் கத்தவில்லை.
செம்மறி கத்தாது. பார்க்கும்.

அனுமதி வந்தது. பணத்தை எண்ணி வைத்தேன்.

இன்று மாலையே ஓடைக்கரை மண்மேட்டில்
நூற்றைம்பதையும் சுட்டுத் தீர்ப்பேன்.
ஒன்று திக்கினாலும்
நாளை காலை டுவெய்ன் கதவைத் திறக்குமுன்
என் டிரக் வாசலில் நிற்கும்.
எதுவும் திக்காவிட்டால் துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டிவைப்பேன்.
பிறகு
ஒரு பெட்டி கடன் சொல்லி வாங்கவேண்டும்.
குட்டி போடும் காலம் இன்னும் முடியவில்லை.