ஏழாவது பிரதி

சீனக்குடாப் பட்டறையில் என் வேலை
பழைய தாளைப் பிடுங்குவது.

திருத்தம் சி இன்று காலை எட்டரையோடு செத்தது.
டி வந்திருக்கிறது, கொழும்பின் ஒப்பத்தோடு.
எஞ்சின் தாங்கியின் தடிப்பு எட்டு இல்லை, இனிப் பத்து.
ஏழு பிரதி கொடுத்ததாய் என் கொப்பியில் கிடக்கு.
ஆறு கைக்கு வந்துவிட்டன:
தர ஆய்வில் ஒன்று, வெல்டிங்கில் இரண்டு,
களஞ்சியம், லக்மாலின் மேசை,
கன்டீனில் ஒன்று. அதன் முதுகில்
யாரோ பிளேன்ரீக் கணக்கு எழுதியிருந்தார்கள்.

ஏழாவது றிஸ்மியிடம்,
துளைபோடும் மெஷினுக்குப் பின்னால்.
கச்சான் அடிக்கிற நேரம், கதவை மூட முடியாத புழுக்கம்,
தாள் பறக்காமல் நாலு மூலைக்கும் காந்தம்.
கிரீஸ் ஊறி வெளிச்சம் புகும் தாள்.

"தரமாட்டன் மிஸ்."
சத்தம் போடவில்லை. பிட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

விதியைச் சொன்னேன்.
அவன் விரலை வைத்தான்.
மூன்றாம் துளைக்குப் பக்கத்தில், பென்சிலில்:
+4, இங்கால.

"கீறினவர் ஸ்பானர் பிடிக்கப்போறதில்லையே.
படகுக்குள்ள குப்புறப் படுத்துப் பூட்டுறவனுக்குக்
கை போகோணும்."
கிண்ணியாவில் மச்சானின் படகில்
பூட்டிப் பார்த்துத்தான் எழுதினானாம்.

இரண்டு வருடம். அறுநூற்றுப் பன்னிரண்டு தாங்கி.
எல்லாம் வரைபடத்துக்குப் பிழை.
ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மேசைக்கு வந்து அந்த ஆறையும் விரித்தேன்.
தர ஆய்வின் தாளிலும் ஒரு +4,
அழிறப்பர் தேய்த்த தடத்தின் மேல், வேறு கையெழுத்தில்.
வெல்டிங்கின் ஒன்றில் வெறும் அம்புக்குறி.
எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.
மாதா மாதம் 'பிரதிகள் சரி' என்று ஒப்பமிட்டது நான்.

டி-யில் அந்தத் துளை
ஏ-யில் பிறந்த இடத்திலேயே நிற்கிறது.

மாற்றக் கோரிக்கைப் படிவத்தில்
காரணம் எழுத ஒன்றரை வரி.
முன்மொழிபவர்?
"என்ட பேரைப் போடாதீங்க மிஸ்.
இவ்வளவு நாளும் ஆரைக் கேட்டு மாத்தினாய் எண்டுவாங்க."
என்னையும் அப்படித்தான் கேட்பார்கள்.

'கை போகவில்லை' என்று எழுதினேன்.
கொழும்பில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.
முன்மொழிபவர்: ப. சுகிர்தமலர்.

டி-யின் ஏழு பிரதியையும்
'செல்லாது' என்ற சிவப்பு முத்திரையையும்
ஒரே லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.
கொப்பியில் ஏழாம் இலக்கத்துக்கு எதிரே
'இன்னும் வரவில்லை' என்று போட்டேன்,
பென்சிலால்.