கேள்வி பதினேழு

முதலில் பிரெஞ்சில் இருந்ததாம் இந்தக் கேள்வி.
ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கு வந்தது.
கே.கே. நகரில் ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து
ஒரே ஒரு சொல்லுக்காக
இரண்டு நாள் டீ குடித்தோம்.

திருப்தி என்பது பந்தியில் கேட்பது,
இலையை மடிக்கும் நேரத்தில்.
நிறைவு என்றால் வானொலி பேசுகிற மாதிரி இருக்கிறது.
மனசு குளிர்ந்ததா என்று வைக்கலாம் என்றாள் செண்பகவல்லி.
அது மருமகள் மாமியாரைக் கேட்பது என்று
நான்தான் அடித்தேன்.
போதும் என்ற சொல்லையும் யாரோ சொன்னார்கள்.
அடி வாங்குகிறவளும் அதையேதான் சொல்கிறாள் என்றேன்.
அதுவும் போயிற்று.

தமிழில் ஆனதை
மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலமாக்க
திருச்சியில் ஒருவர் இருந்தார். அதுதான் விதி.
'பிரசவம் உங்கள் வயிற்றை நிறைத்ததா?'
என்று திரும்பி வந்தது.
பேராசிரியர் சிரிக்கவில்லை.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரி.
பிள்ளை பெற்று மூன்று நாள் ஆனவர்களின் வார்டு.
இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றியது.
என் கையில் ஐந்து கட்டங்கள்:
முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன் என்று தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரை.

ஜன்னலோரக் கட்டிலில் கெங்கம்மாள். வீட்டில் தெலுங்கு.
"வலியில எந்தப் பாஷையில கத்துனேன்னு ஞாவகமில்ல.
நர்சு தமிழ்ல வஞ்சுச்சு. அது புரிஞ்சுச்சு."
மரியாதையாக நடத்தினார்களா?
ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்சின் முதுகைப் பார்த்தாள்.
"நல்லாத்தான் நடத்துனாக.
தொடையில ஒரு அடி, அதுக்கென்ன,
பிள்ள வந்துருச்சுல்ல.
அஞ்சே போட்டுக்கங்க."

பிரசவ நேரத்தில்
நிலைமை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா?
செவனம்மாள் பதறிப்போனாள்.
"கட்டுப்பாடா? அதுக்குத்தான்
நேத்தே கைநாட்டு வாங்கிட்டாகளே."

கடைசிக் கட்டில்.
பேர் கேட்டேன். சொன்னாள்.
உ-47 என்று எழுதினேன்.
"பேரக் கேட்டுட்டு நம்பர எழுதுறீக."
பேர் எழுதக் கூடாதும்மா, ரகசியம்.
"எம் பேருல என்ன ரகசியம். ஊருக்கே தெரியும்.
நாலாவது பொட்டையாப் பொறந்தேன்,
போதும்பொண்ணுன்னு வச்சாக."
பிள்ளையை மறு மார்புக்கு மாற்றினாள்.
"எங்காத்தாகிட்ட அன்னைக்கு
இப்புடி ஒருத்தரும் தாளத் தூக்கிட்டு வரல."

பதினாறு கேள்விக்கும் பதில் வந்தது:
ஆமா, ஆமா, இல்ல,
தண்ணி கேட்டேன் தரல, பெறகு தந்தாக,
தெரியல, ஆமா.
பதினேழு.
மொத்தத்தில் இந்தப் பிரசவம்
உங்களுக்கு நிறைவாக இருந்ததா?

பிள்ளை உறிஞ்சும் சத்தம்.
"ஒங்களுக்கு எத்தன?"
ஒரு பையன்.
"அது எப்புடி இருந்துச்சு?"

பெரியாஸ்பத்திரிப் பச்சைத் திரை வந்தது.
யாரோ யாரிடமோ
சம்பள பாக்கி பற்றிப் பேசிக்கொண்டே
எனக்குத் தையல் போட்டது வந்தது.
பிறகு ஈரமாக, கனமாக, நெஞ்சில் அவன்.
இதற்கு மூன்று போடுவதா நாலு போடுவதா.
"பாத்தீகளா," என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

காலிக் கட்டத்துக்குக் கையேட்டில் எண் உண்டு.
ஒன்பது: பதில் இல்லை.
ஒன்பது என்று எழுதிவிட்டு
நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.
அவள் பிள்ளையும் பொண்ணுதான்.
என்ன பேர் என்று கேட்கவில்லை என்பது
செக்கானூரணி தாண்டும்போது நினைவுக்கு வந்தது.
படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

ராத்திரி மகனுக்குச் சோறு வைத்தேன்.
மூன்றாவது கரண்டியைக் கையால் மறித்தான்.
போதும் என்றான்.
எனக்கு உடனே புரிந்தது.