வெள்ளை தீர்ந்த இடம்

தோருன் நகரில், எங்கள் இயற்பியல் கட்டடத்தின்
முன்கூடத்துக்குப் புதுத் தரை போட
நவம்பரில் ஆள் வந்தது.
போகுமீல். முழங்காலில் ரப்பர் உறை.
உள்ளங்கை அகலக் கற்கள்:
கருப்பு ஒரு குவியல், வெள்ளை ஒரு குவியல்.

"சதுரங்கப் பலகை மாதிரியா?" என்றான்.
நான்தான் குறுக்கே விழுந்து
ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்:

மேல் வரிசையில் மூன்று கல்லைப் பார்.
நடுவும் வலதும் வெள்ளையானால்
இடதில் என்ன நிறமோ அதையே வை.
இல்லாவிட்டால் இடதுக்கு எதிர்நிறம்.
சுவருக்கு அப்பால் எல்லாம் வெள்ளை என்று வைத்துக்கொள்.

படித்தான். திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் மிச்சம் இருக்குமென்று.

"முதல் வரிசை வெள்ளையா? அப்படியானால்
கடைசிவரை வெள்ளைதான் வரும், டாக்டர்."
நடுவில் ஒரு கருப்பு வைக்கச் சொன்னேன்.
"ஏன், அங்கே மட்டும்?"
தேநீர் எடுத்துவரப் போனேன்.
அந்தக் கேள்வி வரும்போதெல்லாம்
இருபது வருடமாக
தேநீர் எடுத்துவரத்தான் போகிறேன்.

ஐந்தாம் வரிசையில் ஒரு முக்கோணம்.
இருபதில், இடப்பக்கம் சீரான சாய்கோடுகள்;
வலப்பக்கம்
யாரோ கோபத்தில் கொட்டிவிட்டுப் போன மாதிரி.
பையிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தான்.
"இதில் அது இல்லையே."
இல்லைதான்.

விஸ்துலாவில் பனி முதலில் கரையோரம் கட்டுவதும்
விழுகிற கோப்பை விழுவதும்
ஓர் எலக்ட்ரானின் முரண்டும்
இப்படி ஒரு துண்டிலிருந்து,
பின்பக்கம் வெறுமையான ஒரு துண்டிலிருந்து
என்று நினைக்க எனக்கு ஆசை.
நம்புகிறேன் என்று எழுத
இன்னும் கை வரவில்லை.

மாலையில் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தான்.
முழங்காலில் சொடக்குச் சத்தம்.
"வலிக்கிறதா?"
"விதி" என்றான், சிரித்தபடி.

நான் விதி என்று கொடுத்ததில்
அந்த வலி எந்த வரியில் இருக்கிறது?
வீட்டுக்குப் போகிற டிராமில்
நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டாம் வாரம், வியாழக்கிழமை.
கணினியில் அச்சிட்ட படத்தோடு ஒப்பிட்டேன்.
கடைசி வரிசையில் பாதி வேறு.
தவழ்ந்தபடி மேல்நோக்கிப் போனேன், பென்சிலோடு.
பிழையின் வலது விளிம்பு நேர்கோடு:
வரிசைக்கு ஒரு கல்.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
அதைவிட வேகமாக அந்தத் தரையில்
எந்தச் செய்தியும் ஓட முடியாது.
ஒளியும் இப்படித்தானே என்று தோன்ற,
சற்று நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
காவலாளி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

நாற்பத்தொன்றாம் வரிசை,
இடப்பக்க ஜன்னலிலிருந்து ஏழாவது.
வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் கருப்பு.

"அன்றைக்கு வெள்ளை தீர்ந்துபோச்சு.
கடையும் மூடியாச்சு. கலவை இறுகிக்கிட்டு இருந்துது.
ஒரு கல்தானே?"

ஒரு கல்தான்.
மாற்றினால் அதற்குக் கீழே இருபத்தெட்டு வரிசையைப்
பெயர்த்துப் போடவேண்டும்.
குறுக்குவழி கிடையாது.
என் கணினிகூட அந்தப் படத்துக்கு
ஒவ்வொரு கல்லாகத்தான் மண்டியிட்டது,
முழங்கால் இல்லாமல்.

இயக்குநர் லுத்விகா செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு
"யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை.
பனிச்சேற்றுக் காலணிகள் அதன்மேல் நடக்கின்றன.
ஒரு மாணவி அந்தப் பகுதியைத்தான் படமெடுத்தாள்,
அழகாக இருக்கிறதாம்.
அந்த ஒன்றுக்குக் கீழே
ஒரு கல்கூட விதியை மீறவில்லை.

நான் மட்டும் அங்கே நடை தளர்கிறேன்.
எங்கோ, எப்போதோ,
நம் தரையிலும் வெள்ளை தீர்ந்திருக்குமோ?
கலவை இறுகிக்கொண்டிருக்க,
கைக்குக் கிடைத்ததை
யாரும் இல்லாத ஒருவர் வைத்திருப்பாரோ?
அதற்குக் கீழேதானோ ஆறும், டிராமும், இந்தச் சந்தேகமும்?

போகுமீல் ரசீது அனுப்பியிருந்தான்.
அடியில், கையெழுத்துக்கு மேல், ஒரு கழித்தல்:
வெள்ளைக் கல், ஒன்று.