துல்லியமின்மை: மீற்றரில்

மூன்று இரவாய் அந்தச் சத்தம்.
பீப். ஒரு மூச்சு இடைவெளி. பீப்.
மூன்றாம் மாடி அஷ்பாகர் அம்மா ஜெர்மனில் முறையிட்டார்,
முதலாம் மாடி ஷானெரே பிரெஞ்சில்.
புகை அலாரம், பற்றரி சாகிறது என்பதில் மட்டும்
இருவருக்கும் ஒரே மொழி.
இருபத்திரண்டு அலாரத்திலும் பற்றரி மாற்றினேன்.
நாலாம் இரவும் பீப்.

குப்பைத் தொட்டிகளின் பின்னால், சரளைக்கல் சரிவில்,
ரோச் அடித்ததும் நின்றது.
அணைத்ததும் தொடங்கியது.

சமையலறை மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து
தவக்கை என்று தட்டினேன். பூச்சியம்.
ஜெர்மனில் தட்டினேன். உலகம் முழுக்க எட்டு லட்சம்.
ஒன்றும் இல்லாததும் எல்லாம் இருப்பதும்
தேடுகிறவனுக்கு ஒரே இருட்டு.

ஊர்ப் பேரைக் கொடுத்தேன்.
பீல் என்றால் கொஞ்சம் வந்தது,
பியென் என்றால் வேறு கொஞ்சம்.
தெருப்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கிற பேர்கள்
இங்கே ஒன்றையொன்று அறியவில்லை.
பேரை விட்டேன்.
வரைபடத்தில் விரலால் கோடு இழுத்தேன்:
ஏரிக்கரை, ரயில் பாதை, யூரா மலையடி,
எங்கள் குப்பைத் தொட்டியும் உள்ளே.
ஈரூடகவாழிகள் மட்டும்.
ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை.
ஒலிப்பதிவு உள்ளவை.

ஒன்பது மிஞ்சியது. ஏழாவதை அழுத்தினேன்.
பீப்.
அறைக்குள்ளிருந்து மனைவி:
"இன்னும் அந்த அலாரத்தை மாத்தேல்லையோ?"

இந்த ஊர் வாயில் அது மணித்தவக்கை.
லத்தீனில் மருத்துவச்சி.
மருத்துவச்சி ஓர் ஆண்;
முட்டைச் சரத்தைப் பின்னங்காலில் சுற்றிக்கொண்டு
வாரக்கணக்காய்ச் சுமந்து திரிகிறவன்.

பேர் கையில் வந்தபின் மறுபடி தேடினேன்.
அலைட்டெஸ் என்றதும் பதினொன்று.
பூஃபோ என்ற பழைய பேரில் இன்னும் நாலு,
யாரோ சாராயப் போத்தலில் இட்டு, லேபல் ஒட்டி,
பிறகு திருத்த மறந்தவை.
அதில் ஒன்று, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று,
நட்ட நடு ஏரியில் நின்றது.
மூழ்கிப்போனதோ என்று பதறிக்
கடைசி நிரல் வரை உருட்டினேன்:
துல்லியமின்மை, ஐயாயிரம் மீற்றர்.
'பீலுக்குக் கிட்ட' என்று எவரோ எழுதியதற்கு
இயந்திரம் குத்திய ஊசி.
வேறு சில புள்ளிகள் வேண்டுமென்றே கலங்கலாய்.
அரிதானதற்கு முகவரி கொடுக்க மாட்டார்களாம்.
நல்லது.

மற்றவை எல்லாம் நடைபாதை ஓரமே வரிசைகட்டின.
தேரைகளின் வரைபடமா இது?
ஞாயிற்றுக்கிழமை நடக்கிறவர்களின் வரைபடம்.
எங்கள் சரிவு வெறுமை.
வெறுமை என்றால் இல்லை என்பதல்ல;
இரவில் குப்பை கொட்டப் போனவன் எவனும்
காதைக் கொண்டுபோகவில்லை.

நானே பதியலாம் என்றிருந்தது.
குடும்பப் பேர்: வைத்திலிங்கம்.
அது அப்பா. இந்த நாட்டுக் காகிதத்தில் நான்.
முப்பது வருடமாய்ச் சுமக்கிறேன்.
எவராவது மயூரதனைத் தேடினால் பூச்சியம் வரும்;
பழைய பேரிலும் தேடுங்கள்.

துல்லியமின்மை: பத்து மீற்றர்.
எண்ணிக்கை: ஒன்று.
அனுப்ப முதல் யன்னலைத் திறந்தேன்.
பீப்.
சற்றுத் தள்ளி, அரைச் சுருதி தாழ்ந்து, இன்னொன்று.

ஒன்றை அழித்து இரண்டு போட்டேன்.
அஷ்பாகர் அம்மாவுக்கு
இன்னும் சொல்லவில்லை.